பாசஞ்சர் வண்டியில் ஜெர்மனி

வெளிநாட்டில் படிக்கிறவன் எங்கே ஊர் சுற்றுவான் என்பது பெரும்பாலும் அவன் கையிலிருக்கும் சீட்டைப் பொறுத்தது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பருவத்துக்கு ஒரு முறை முன்னூறு யூரோ அளவில் ஒரு தொகை கட்டச் சொல்வார்கள். நான் படித்த ஆகன் நகரத்தில் அதில் பாதிக்கு மேல் ரயில், பஸ் சீட்டுக்கே போய்விடும். 2024 கோடைப் பருவத்தில் நாடு முழுவதற்குமான மாணவர் சீட்டு வந்தபோது அதன் விலை மாதத்துக்கு 29.40 யூரோ. வேண்டும், வேண்டாம் என்று நாம் சொல்ல முடியாது. கட்டணத்தோடு சேர்ந்தே வரும். கட்டியாயிற்று, இனிப் பயன்படுத்தாமல் விட்டால் நஷ்டம் என்ற நடுத்தரக் குடும்பத்துக் கணக்குதான் என்னை முதலில் ஊர் சுற்ற வைத்தது. கலாச்சாரம், அனுபவம் எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

அந்தச் சீட்டில் ஒரு நிபந்தனை உண்டு. வெள்ளையாக வழவழவென்று வந்து நிற்கும் அதிவேக ஐசிஇ வண்டியில் ஏற முடியாது. ஊர் ஊராக நின்று போகும் வட்டார வண்டிகளில் மட்டுமே செல்லும். விசாவுக்காக வங்கியில் முடக்கி வைக்கிற பணம் அப்போது வருஷத்துக்கு 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். வீட்டு வாடகை, காப்பீடு, அரிசி, பருப்பு போக மிஞ்சுவதில் ஐசிஇ டிக்கெட் எடுப்பவன் அடுத்த வாரம் மென்சா கேன்டீனில் சூப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆகவே நான் பார்த்த ஜெர்மனி, திருச்சியிலிருந்து மயிலாடுதுறைக்குப் பாசஞ்சரில் போகிறவன் பார்க்கிற காவிரிக்கரை மாதிரி. நிற்காத இடமில்லை.

ஆர்இ 1 என்று ஒரு வண்டி. ஆகனில் கிளம்பி கொலோன், டுசல்டோர்ஃப், டுயிஸ்பர்க், எசன், போகும், டோர்ட்மண்ட் என்று ரைன் நதியையும் ரூர் என்ற பழைய நிலக்கரி நாட்டையும் கோத்துக்கொண்டு ஹம் என்ற ஊரில் போய் முடியும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மூன்று மணி நேரம் அளவில் ஆகும். கொலோனில் இறங்கி நிலைய வாசலுக்கு வந்தால் தேவாலயம் தலைக்கு மேல் நிற்கும். 157 மீட்டர் உயரம். 1248ல் கட்டத் தொடங்கி, நடுவில் சில நூற்றாண்டுகள் அப்படியே போட்டு வைத்து, 1880ல்தான் முடித்தார்கள். சுற்றுலா வருகிறவர்கள் அங்கேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். வண்டியிலேயே உட்கார்ந்திருந்தால் அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் வேறொரு ஜெர்மனி வரும். மூடிய சுரங்கங்கள், நின்றுபோன உலைகள், அவற்றுக்கு நடுவில் துருக்கியர் கடைகள். எசனிலுள்ள சோல்ஃபரைன் சுரங்கத்தை 2001ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக்கியது. ரூர் பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் பக்கத்து ஊரான போட்ரோப்பில் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. கரி தோண்டிய இடத்தை அருங்காட்சியகமாக்கி, டிக்கெட் போட்டு, காபிக்கடையும் வைத்துவிடுகிறார்கள். நெய்வேலிக்கும் ஒருநாள் இது வரலாம்.

ரயில் பெட்டிக்குள் யாரும் யாரிடமும் பேசுவதில்லை. முதல் மாதங்களில் இது எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. நம் ஊரில் பக்கத்து சீட்டுக்காரர் அரியலூர் தாண்டுவதற்குள் நம் சம்பளத்தைக் கேட்டிருப்பார். ஆனால் அதே மனிதர்கள் டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறைக்குள் நுழைந்தால் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் பொதுவாக வணக்கம் சொல்கிறார்கள். எல்லோரும் பதில் வணக்கம் சொல்கிறார்கள். லிஃப்டிலும் அப்படித்தான். ரயிலில் கிடையாது. ஏன் என்று என் வீட்டுத் தோழர்களைக் கேட்டேன். அப்படி ஒரு வித்தியாசம் இருக்கிறது என்பதே அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாட்டில் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம், சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். கடையிலுள்ள இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் காசு கிடைக்கும். ரயில் நிலையங்களில் வயதானவர்கள் குப்பைத் தொட்டிகளில் டார்ச் அடித்து பாட்டில் தேடுவதை முதலில் பார்த்தபோது அதிர்ச்சியாக இருந்தது. பணக்கார நாடு, ஓய்வூதியம் உள்ள நாடு என்றெல்லாம் படித்துவிட்டுப் போனவன் நான். அப்புறம் இன்னொன்றையும் கவனித்தேன். பயணிகள் பலர் காலி பாட்டிலைத் தொட்டிக்குள் போடாமல், பக்கத்தில் தரையில் நிறுத்தி வைத்துவிட்டுப் போகிறார்கள், எடுக்கிறவர் கையை உள்ளே விடாமல் இருக்கட்டும் என்று. இதைப் பண்பாடு என்று மெச்சுவதா, இந்த நிலைமை ஏன் என்று கேட்பதா? எனக்கு இரண்டும் தோன்றியது.

சனிக்கிழமை மட்டும் இந்த மௌனம் உடையும். டோர்ட்மண்டில் பந்தாட்டம் என்றால் வண்டி முழுக்க மஞ்சள் கறுப்பு. அந்த மைதானத்தில் 81,365 பேர் பார்க்கலாம். தெற்குப் பக்கத்தில் மட்டும் 25,000 பேர் அளவில் நின்றுகொண்டே ஆடுவார்கள், பாடுவார்கள். வெள்ளிக்கிழமை வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே ஆட்கள் பெட்டி அதிரப் பாடுவார்கள். எனக்கும் ஒரு பீரை நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்த மாட்டார்கள். இந்த இடத்தில் அவர்கள் நம்மைவிட மேல்.

ஆகன், ஜெர்மனியின் மேற்கு ஓரம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். 1919ன் வைமார் அரசியல் சட்டத்தில் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுக்கும் ஆன்ம மேம்பாட்டுக்குமான நாளாக வைத்தார்கள். இன்றைய அரசியல் சட்டமும் அந்தப் பிரிவை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. வெங்காயம் தீர்ந்த மாணவனுக்கு அரசியல் சட்டத்தின் மகிமை இப்படித்தான் புரிய வருகிறது. ஆனால் டவுன் பஸ் ஏறி ஃபால்ஸ் என்ற ஊரில் இறங்கினால் அது நெதர்லாந்து. அங்கே ஞாயிற்றுக்கிழமையும் சூப்பர் மார்க்கெட் உண்டு. நான் போனபோது காவலர் இல்லை, கதவு இல்லை, பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லை. வெங்காயம் வாங்க வேறு நாட்டுக்குப் போய்வந்தேன் என்று போனில் சொன்னபோது அம்மா நம்பவில்லை.

ஃபால்ஸிலிருந்து ஒரு சாலை குன்றின் மேல் ஏறுகிறது. உச்சியில் ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் சந்திக்கின்றன. ஒரு கல் நட்டு வைத்திருக்கிறார்கள். 322 மீட்டர்தான் உயரம். ஐரோப்பாவில் உள்ள நெதர்லாந்து நிலப்பரப்பில் அதைவிட உயரமான இடம் கிடையாது என்றால் அந்த நாடு எவ்வளவு தட்டை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலைக்கு இன்னும் நான்கு எல்லைச் சாலை என்றே பெயர். ஒரு காலத்தில் அங்கே நான்காவதாக ஒரு துண்டு நிலம் இருந்தது. நெப்போலியன் வீழ்ந்த பிறகு எல்லை பிரித்தவர்கள் அங்கிருந்த துத்தநாகச் சுரங்கம் யாருக்கு என்பதில் உடன்படவில்லை. 1816ல் அதை யாருக்கும் சேராத நிலமாக விட்டுவிட்டார்கள். முதல் உலகப் போர் முடிந்து அது பெல்ஜியத்துக்குப் போகும் வரை அப்படியே இருந்தது. சுரங்கத்தில் துத்தநாகம் 19ஆம் நூற்றாண்டிலேயே தீர்ந்துவிட்டது. பங்கு பிரிக்கவேண்டிய பொருள் தீர்ந்த பிறகும் வேலி மட்டும் நின்ற கதை நம் ஊர் வயல்களிலும் உண்டு.

குன்றைச் சுற்றிலும் காடு. ஆகனைச் சுற்றியுள்ள அந்தக் காடுகளிலும் வயல்களிலும் வரிசையாகக் கான்கிரீட் பற்கள் முளைத்து நிற்கும். பீரங்கி வண்டிகளைத் தடுக்க ஹிட்லர் ஆட்சி நட்டவை. 1944 அக்டோபர் 21ல் நேச நாட்டுப் படைகளிடம் வீழ்ந்தது ஆகன். ஜெர்மனியில் முதலில் பிடிபட்ட பெரிய நகரம் அதுதான். இப்போது அந்தப் பற்களின் மேல் பாசி படர்ந்து, மாடுகள் பக்கத்தில் மேய்கின்றன. எல்லைக் காவலைக் கைவிடுவதற்கான ஒப்பந்தத்தை ஷெங்கன் என்ற லக்சம்பர்க் கிராமத்தில் 1985 ஜூன் 14 அன்று கையெழுத்திட்டார்கள். அது நடைமுறைக்கு வந்தது 1995ல். மாணவர் குடியிருப்பு அனுமதி அட்டை வைத்திருந்த எனக்கு 29 ஷெங்கன் நாடுகளிலும் விசா கேட்காமல் போய்வர முடிந்தது. எல்லை என்பதே பழங்கதை என்ற எண்ணம் அந்தக் குன்றில் நின்றால் யாருக்கும் வரும்.

ஆர்இ 1ன் மறுமுனையில் அந்த எண்ணம் எனக்குக் கலைந்தது. ஹம் நகரத்தின் ஓரத்தில் ஊன்ட்ராப் என்ற இடத்தில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 2002ல் குடமுழுக்கு நடந்தது. ராஜகோபுரம் 17 மீட்டர். தொழிற்பேட்டைக்குள், அனல்மின் நிலையத்துக்கு அருகில், லாரிகள் திரும்பும் தெருவில் கோபுரம் தெரியும். தேருக்கு வரும் கூட்டத்துக்கும் வண்டிகளுக்கும் இடம் வேண்டும், குடியிருப்புகளுக்குத் தொல்லையும் இருக்கக் கூடாது. அதற்கு இந்த இடம்தான் தோது. தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், நெதர்லாந்து எண்பலகை போட்ட கார்கள் வரிசையாக நிற்கும். காவடி, அங்கப் பிரதட்சிணம், கற்பூரச் சட்டி எல்லாம் உண்டு. தீர்த்தவாரிக்கு அம்பாளைப் பக்கத்திலுள்ள கப்பல் கால்வாய்க்குக் கொண்டுபோகிறார்கள். நிலக்கரி ஏற்றிய படகுகள் போன கால்வாய் அது.

அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்து, “தம்பி இந்தியாவோ?” என்றார். திருச்சி என்றேன். “திருச்சியிலை எங்கடை சனம் கன பேர் இருக்கினம்” என்றார். ஆகனிலிருந்து ஒரே வண்டியில் வந்ததைச் சொல்லி, சீட்டின் பெருமையையும் கொஞ்சம் பேசினேன். சிரித்தார். “நாங்கள் வந்த காலத்திலை உந்த றெயிலிலை ஏறி நினைச்ச இடத்துக்குப் போகேலாது தம்பி. அண்ணை ஸ்டுட்கார்ட்டிலை. அவரைப் போய்ப் பாக்கவும் கந்தோரிலை கடதாசி எடுக்கவேணும்.”

பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். அவர் சொன்னது சட்டம். 1982ன் புகலிட நடைமுறைச் சட்டப்படி, புகலிடம் கேட்டவர் தன் மனு முடிவாகும் வரை தனக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தைவிட்டு அனுமதியில்லாமல் வெளியே போகக் கூடாது. மனு முடிவாக வருஷங்கள் ஆகும். அடுத்த ஊர் அடுத்த மாவட்டத்தில் இருந்தால் அங்கே போவதும் விதிமீறல்தான். 2015ல்தான் இதைப் பெரிதும் தளர்த்தினார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கிளம்பிய தமிழர்களில் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் வந்தவர்கள். அந்த எல்லையை மேற்கு ஜெர்மனி எல்லை என்றே ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் அந்தப் பக்கத்தில் பாஸ்போர்ட் பார்க்க ஆள் வைக்கவில்லை. உலகமே பேசிய பெர்லின் சுவரைத் தாண்டி வந்தவர்களை ஒரு மாவட்டக் கோடு நிறுத்தி வைத்தது. ஷெங்கனில் கையெழுத்துப் போட்ட அதே 1985லும் இந்தக் கட்டுப்பாடு நடைமுறையில் இருந்தது.

இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கான கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. என்னோடு பள்ளியில் படித்த சிலர் அங்கிருந்துதான் வந்தார்கள். முகாமில் தலை எண்ணும் நாளில் வீட்டுப் பெரியவர்கள் வெளியூரில் இருக்க முடியாது என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அதனால் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கும்போது அந்தப் பையன்கள் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். 2021ல் அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. நல்ல பெயர்தான். ஆனால் குடியுரிமை இன்னும் பலருக்கு வரவில்லை. பாஸ்போர்ட் இல்லாமல் வெளிநாட்டுப் படிப்பு எளிதில் கைகூடாது. என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்டவன் ஒருவன் அந்த வகுப்பில் இருந்தான்.

அயல்நாட்டில் படிக்கப் போவதைப் பற்றி நம் பத்திரிகைகளில் வருகிற கட்டுரைகள் பெரும்பாலும் பனியில் தொடங்கி பாரிஸில் முடிகின்றன. பாரிஸுக்குப் போங்கள், நானும் போனேன், நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் புதிதாக எதுவும் இல்லை. மெதுவாகப் போகிற வண்டியில் ஏறி, யாரும் படம் எடுக்காத ஊரில் இறங்கினால்தான் ஒரு நாடு தன் கணக்கு வழக்கைக் காட்டுகிறது. யாரை எங்கே வரை போகவிட்டது, யாரை நிறுத்தியது, யார் கையில் பாட்டில், யார் கையில் டார்ச் என்று.

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிற தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். ஊன்ட்ராப் தேர் வழக்கமாக மே கடைசி, ஜூன் வாக்கில் வரும். உங்கள் சீட்டு அந்த ஊர் வரை செல்லும். போய், வரிசையில் நிற்கிற பெரியவர்களிடம் நீங்கள் எப்படி வந்தீர்கள் என்று கேளுங்கள். அனுமதி கொடுத்தால் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். இருபது, முப்பது வயதில் வந்தவர்களுக்கு இப்போது அறுபதும் எழுபதும் ஆகிறது.