மஞ்சள் தடவலாமா?

அம்மா மஞ்சள் என்றாள். டாட்டூ குத்திய பையன் தன் கடையிலேயே விற்கும் சின்ன டப்பா ஒன்றைக் காட்டினான். தெருமுனை மருந்துக் கடைக்காரர் கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நான் கேட்காமலே ஆயின்மென்ட் டியூபை எடுத்து வைத்தார். அலுவலகத் தோழி தேங்காயெண்ணெய் போதும் என்றாள், அதுவும் மரச்செக்கில் ஆட்டியதாக இருக்க வேண்டுமாம். என் முன்கையில் இருந்ததோ உள்ளங்கை அளவு புள்ளிக்கோலம். அதற்கு நாலு பேர், நாலு வைத்தியம்.

கோலம் பாட்டியுடையது. அவள் வலது முன்கையில் இருந்ததைப் பழைய போட்டோ ஒன்றிலிருந்து வரைந்து கொடுத்துக் குத்திக்கொண்டேன். இடது கையில் அவளுக்கு ஒரு தேளும் உண்டு. எதற்காகத் தேள் என்று கேட்டால் சிரிப்பாளே தவிர, பதில் சொன்னதில்லை. இப்போது கேட்கவும் ஆளில்லை.

நான் மருந்துக் கடைக்காரர் பேச்சைக் கேட்டேன். மூன்று ஆன்டிபயாடிக் சேர்ந்தது என்றார். மூன்று என்றால் ஒன்றைவிட நல்லதுதானே என்று தாராளமாகப் பூசினேன். மூன்றாம் நாள் கை சிவந்து, பொடிப் பொடியாகக் கொப்புளம் கிளம்பி, அரிப்பில் தூக்கம் போனது. தோல் மருத்துவர் சிவப்பின் ஓரத்தை விரலால் காட்டினார். அது கோலத்தின் ஓரத்தோடு நிற்கவில்லை, நான் மருந்து பூசிய எல்லை வரைக்கும் போயிருந்தது. “ஊசி எதுவும் பண்ணலம்மா. மருந்துதான் ஒத்துக்கல” என்றார். குழந்தைகளின் சிராய்ப்புக்கெல்லாம் பல வருடமாக அதைத்தான் பூசி வந்திருக்கிறேன் என்றேன். அப்படிப் பலமுறை தொட்டுத்தான் இந்த ஒவ்வாமை உருவாகும் என்றார்.

குற்றவாளியின் பெயர் நியோமைசின். அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் ஒன்று வருடா வருடம் ‘இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று ஒரு பட்டம் கொடுக்கிறது. 2010இல் அதை வாங்கியது இதே நியோமைசின். அதே டியூபுகளில் கூடவே இருக்கும் பாசிட்ராசின் 2003லேயே வாங்கிவிட்டது. நான் பூசியது இரட்டைப் பட்டதாரி.

கை ஆறுவதற்குள் இந்தத் தேடல் தொற்றிக்கொண்டது. புதிதாகக் குத்திய இடத்தில் எதையாவது பூச வேண்டும் என்ற எண்ணமே எங்கிருந்து வந்தது?

முதலில் சாத்தூருக்குப் போனேன். பாட்டியின் தங்கை அங்கே இருக்கிறாள். எண்பத்தேழு வயது, காது மட்டும் கொஞ்சம் மந்தம். என் கையைப் பிடித்துப் பார்த்து, “என்னத்தா இது, வெந்த கை மாதிரி இருக்கு?” என்றாள். விஷயத்தைச் சொன்னதும் தன் கையை நீட்டினாள். சுருங்கிய தோலில் கோடுகள் பரந்து, மங்கி, பாசி படிந்த நிறத்தில் இருந்தன. அவள் சொன்ன செய்முறை இது: அகத்தி இலையையும் மஞ்சள்தூளையும் வெள்ளைத் துணியில் வைத்துத் திரியாக உருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிக்க வேண்டும். மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, தாய்ப்பாலில் குழைத்தால் மை. குத்துவதற்கு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குள் குறத்தி வருவாள். நாலைந்து ஊசியைச் சேர்த்துக் கட்டிக் குத்துவாள். கூலி கம்பு, இல்லையென்றால் நெல்.

“குத்தி முடிச்சதும் என்ன பாட்டி தடவுவாங்க?”

“எண்ணெய். அது மேல மஞ்சள்.”

சென்னை திரும்பி எட்கர் தர்ஸ்டனைப் புரட்டினேன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து தரம் பிரித்த ஆள் என்பதால் அவர்மேல் எனக்கு மரியாதை குறைவு. ஆனால் கண்ணால் கண்டதை விடாமல் எழுதிவைத்தார். சின்னப்பாட்டி சொன்ன அகத்தி, மஞ்சள், விளக்குக் கரி, பால் எல்லாம் அதில் இருக்கிறது. குத்தியபின் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, எண்ணெய் பூசி, மஞ்சள்தூள் தேய்ப்பார்கள் என்கிறார். எதற்காக? நிறம் எடுக்க, வீக்கம் வராமல் இருக்க. ஆக, அம்மாவின் மஞ்சளுக்கு அச்சில் நூறு வருடத்துக்கு மேல் வயது.

நிறம் எடுக்கும் என்பதுதான் எனக்கு இடித்தது. கரி கருப்பு, நாம் சொல்வது பச்சை. தோலுக்குள் போன கரியை நாம் மேல்தோலின் வழியாகத்தான் பார்க்கிறோம். நீல ஒளி தோலிலேயே சிதறித் திரும்பிவிடுவதால் ஆழத்துக் கருப்பு நீலப்பச்சையாகத் தெரிகிறது. மணிக்கட்டு நரம்பு பச்சையாகத் தெரிவதிலும் இந்தச் சங்கதி உண்டு. மை நிற்பதோ ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், அடித்தோலில். அங்கே அதைப் பிடித்து வைத்திருப்பவை நம் உடம்பின் காவல் செல்கள். வந்த அந்நியனை விழுங்கிவிட்டு, செரிக்க முடியாமல் வயிற்றிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 2018இல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளின் வாலில் பச்சை குத்தி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: அந்தச் செல் சாகும்போது மை வெளியே விழும், பக்கத்தில் இருக்கும் புதிய செல் அதை விழுங்கிக்கொள்ளும். ஆகவே நம் கையில் இருப்பது ஒரு தலைமுறைச் சொத்து. மேலே தடவும் எந்தக் களிம்பும் அந்த ஆழத்துக்குப் போய் நிறத்தைக் கூட்டுவதில்லை. ஆனால் தடிமனான பொருக்கு கட்டி, அதைப் பிய்த்தெடுத்தால், கூடவே நிறமும் கிளம்பி வந்து நடுவில் வெள்ளைத் திட்டு விழும்.

அப்படியென்றால் பொருக்கு கட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. இது நமக்கெல்லாம் தலைகீழான பாடம். புண்ணைக் காற்றாட விடு, காயட்டும், பொருக்கு கட்டினால் ஆறிவிட்டது என்றுதான் வளர்ந்தோம். 1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பன்றிகளின் தோலில் மேலாகச் சீவிய காயங்களில் சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார், சிலவற்றைக் காற்றில் விட்டார். மூடிய காயங்களில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்து மூடியது. காய்ந்த பொருக்கின் அடியில் வழி தேடி ஊர்ந்துபோக வேண்டியிருந்த செல்கள், ஈரத்தில் சறுக்கிக்கொண்டு போயின. புதிய டாட்டூவும் மேலாகப் பட்ட காயம்தான், ஆயிரக்கணக்கான துளைகள் கொண்டது.

அந்த ஈரத்தைப் பிடித்து வைக்க எது நல்லது என்று தேடினால் அமெரிக்க எண்ணெய்க் கிணறு ஒன்றில் போய் முடிகிறது. 1859இல் ராபர்ட் செஸ்ப்ரோ என்ற இளம் வேதியியலாளர் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லுக்குப் போனார். பம்புத் தண்டுகளில் மெழுகு போல ஒன்று படிந்து தொழிலாளர்களுக்குத் தொல்லையாக இருந்தது. ஆனால் கை வெட்டுப்பட்டாலும் வெந்தாலும் அவர்கள் அதைத்தான் எடுத்துப் பூசினார்கள். அதைச் சுத்திகரித்து 1872இல் காப்புரிமை வாங்கினார். வாசலின் பிறந்தது அப்படி. தன் தோலைத் தானே சுட்டுக்கொண்டு, பூசிக் காட்டி விற்றாராம். தினமும் ஒரு ஸ்பூன் தின்றதாகவும் சொல்வார்கள். ஆள் 96 வயது இருந்தார். அதற்காக யாரும் தின்ன வேண்டாம்.

வாசலினில் மருந்து என்று எதுவும் கிடையாது. அதுதான் அதன் சிறப்பு என்று எனக்குப் புரிய ஒரு ஆய்வைப் படிக்க வேண்டியிருந்தது. 1996இல் வந்தது. சிறு அறுவை செய்துகொண்ட 922 பேரில் பாதிப் பேருக்கு வெறும் பெட்ரோலியம் ஜெல்லி, மற்றவர்களுக்கு பாசிட்ராசின் ஆயின்மென்ட். சீழ் பிடித்தது ஜெல்லிக்காரர்களில் 2 சதவீதம், மருந்துக்காரர்களில் 0.9. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான். ஒவ்வாமை வந்ததோ மருந்து பூசியவர்களுக்கு மட்டும். சுத்தமான காயத்துக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று மருத்துவர்களுக்கு அப்போதே தெரியும். தெருமுனைக் கடைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இவ்வளவும் படித்த திமிரில் கை ஆறியபின் கோலத்தின் விட்டுப்போன ஒரு மூலையைக் குத்திக்கொண்டு, வாசலின் பூசினேன். அது மே மாதம், ஊர் சென்னை. வியர்வை வெளியேற வழியில்லாமல் வேர்க்குரு போலப் பொரிந்தது. குளிர்நாட்டு ஆட்களின் அறிவுரையை நம் வெயிலில் அப்படியே பின்பற்ற முடியாது. கடைசியில் நான் வந்து நின்ற இடம் இது: வாசனையில்லாத சோப்பால் கைவிரல் கொண்டு மெதுவாகக் கழுவி, துண்டு படாமல் டிஷ்யூவால் ஒற்றி, முதல் இரண்டு மூன்று நாள் மட்டும் ஜெல்லி, அதுவும் தோல் மினுங்கும் அளவுக்கு மேல் இல்லை. தோல் உரியத் தொடங்கியதும் மணமும் நிறமும் இல்லாத, தண்ணீர்ப் பதமான லோஷன். வாங்கும்போது டப்பாவின் முன்பக்கத்தைப் பார்ப்பதில்லை, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைத்தான் பார்க்கிறேன். பட்டியல் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நிம்மதி. டாட்டூக் கடைப் பையனின் டப்பாவில் லாவண்டர், டீ ட்ரீ, எலுமிச்சை என்று ஒரு தோட்டமே இருந்தது. திறந்த தோலுக்கு வாசனை எதற்கு? சன்ஸ்க்ரீன்கூட முழுவதும் ஆறிய பிறகுதான், அதுவரை சட்டைக் கை. சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ, சீழ், காய்ச்சல் என்றாலோ எந்த டப்பாவும் ஆகாது, மருத்துவர்தான்.

எண்ணெய் விஷயத்தில் பாட்டிகளைக் குறை சொல்ல முடியவில்லை. வாசலின் செய்த வேலையைத்தான் அதுவும் ஓரளவு செய்தது. மஞ்சளைத்தான் நான் விட்டேன். அவர்கள் வீட்டில் இடித்தது வேறு. கடையில் வரும் தூளில் நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலந்தது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. அதை ஆயிரம் துளையுள்ள தோலில் தேய்க்க மனம் வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன். “உனக்கு எல்லாத்துக்கும் ஒரு பேப்பர் இருக்கும்” என்றாள்.

கை முழுக்க ஆறியபின் காட்டுவதற்காக மறுபடி சாத்தூர் போனேன். சின்னப்பாட்டி கோலத்தைத் தடவிப் பார்த்து, அக்கா கைதான் என்றாள். கொஞ்ச நேரம் விடவேயில்லை. போன தடவை கேட்க மறந்ததைக் கேட்டேன்: எண்ணெய், மஞ்சள் தவிர வேறென்ன பார்த்துக்கொள்வார்கள்?

“தண்ணியில கை வைக்க விடமாட்டாங்க. மூணு நாளைக்குப் பாத்திரம் விளக்க வேண்டாம், சாணி கரைக்க வேண்டாம், துணி துவைக்க வேண்டாம். எங்க மாமியாரே அந்த மூணு நாளும் வாயத் திறக்க மாட்டா.” சொல்லிவிட்டுச் சிரித்தாள், பாட்டி சிரிப்பது போலவே. “அதுக்காகத்தான மறு வருஷம் குறத்தி வந்ததும் எங்க அக்கா இந்தக் கையில தேள் குத்திக்கிட்டா.”