உவர்

எங்கள் வீடு யாழ்ப்பாண நகரில், கடலேரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் கிணற்று நீரில் தேநீர் போட்டால் உம்மம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு, "சவர்த் தண்ணி" என்று கோப்பையை வைத்துவிடுவார். உடுவிலில் இருக்கும் வாப்பாவின் நண்பர் வீட்டுக்குப் போகும் போதெல்லாம் கேன்களில் கிணற்று நீர் நிரப்பி வருவோம். சில மைல் தூரத்துக்குள் நீரின் சுவை ஏன் இப்படி மாறுகிறது என்று தேடப்போய், ஒரு சொல்லின் பொருளையும் அறிந்தேன்.

நாம் பேச்சில் சவர் என்பதை நூல்களில் உவர் என்று எழுதுவர். உப்புச் சுவை, உப்பு மண், கடல் ஆகிய மூன்றையும் அது குறிக்கும். அதிலிருந்தே கடலுக்கு உவரி என்ற பெயர் வந்தது. மலையாளத்தார் உப்பு கலந்த நீரை ஓருவெள்ளம் என்பர். உவரும் உப்பும் ஒரே வேரில் பிறந்தவை என்பது மொழியறிஞர் கருத்து. உவர்த்தல் என்றால் வெறுத்தல் என்றும் பொருளுண்டு. நாக்கு ஒதுக்கியதை மனமும் ஒதுக்கியது போலும்.

சொற்களைத் தேடுவோருக்கு உடுவில் புதிய ஊரல்ல. 1862இல் சென்னையில் வெளிவந்த பெரிய தமிழ் – ஆங்கில அகராதியைத் தந்த வின்சுலோ, முன்பு உடுவிலில் வாழ்ந்தவர். அவர் மனைவி ஹரியட் 1824இல் அங்கே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். அயலூரான மானிப்பாயில் 1842இல் ஓர் அகராதி அச்சானது.

அந்த மண்ணுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். மழைநீர் அதனூடே இறங்கி, கனமான உவர்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அந்த ஓரடியை நாம் இறைத்துவிட்டால், நாற்பதடிக்குக் கீழே கிடந்த உவர் மெல்ல மேலே ஏறும். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத யாழ்ப்பாணத்துக்குக் கிணறுதான் ஆறு, குளம் எல்லாம்.

உடுவில் கிணறும் எங்கள் கிணறு போல ஆகிவிட்டால் கேனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? மழைநீரை வீதிக்கு ஓடவிடாமல் வளவுக்குள்ளேயே தேக்கினால் அது கிணற்றுக்குத் திரும்பும். தேவை முடிந்ததும் மோட்டாரை நிறுத்துவதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். நம் பிள்ளைகள் உவர் என்ற சொல்லை அகராதியில் படிக்கட்டும். கிணற்றில் குடித்து அறிய வேண்டாம்.