பிழைக்க வந்தோர் வளர்த்த புளியந்தோப்பு

திருவொற்றியூர்த் தியாகராசப் பெருமானையும் வடிவுடையம்மனையும் தரிசிக்க வடசென்னைக்கு வரும் அன்பர்களில் பலர், புளியந்தோப்பை ஆலைத் தொழிலாளர் வாழும் பகுதி என்ற அளவிலேயே அறிவர். பக்தியோடு பிணைந்த வரலாறு அவ்வூருக்கும் உண்டு.

1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னகத்தின் முதல் இரயில் ஓடிற்று. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் பெரம்பூர், புளியந்தோப்பு எல்லையில் பக்கிங்காம், கர்நாடிக் நூலாலைகள் எழுந்தன. பின்னி ஆலை என மக்கள் வழங்கியவை இவையே. செங்கற்பட்டு, வட ஆற்காட்டுச் சிற்றூர்களிலிருந்து வேளாண் கூலிகளும், தெலுங்கு பேசுவோரும், இசுலாமியரும் பிழைப்புத் தேடி இங்கு வந்து குடியேறினர்.

பெரம்பூரில் செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு ஆகிய இருவரும் வேங்கடேச குணாமிர்தவர்ஷிணி சபை என்னும் பக்தி சபையை நடத்தி வந்தனர். ஆலையில் உழைத்துக் களைத்தோர் அங்குச் சமயச் சொற்பொழிவு கேட்கக் கூடினர். இறைவன் புகழைக் கேட்க வந்தவர்கள் தம் குறைகளையும் அவ்விருவரிடம் சொன்னார்கள். அதன் பயனாக 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவரானார், சைவச் சான்றோர் திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவரானார். இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் ஏடுகளுள் ஒன்று, ஒரு பக்தி சபையின் நிழலில் எழுதப்பட்டது.

ஆயினும் 1921-இல் அந்த ஒற்றுமை சிதைந்தது. வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீடிக்க, ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் பணிக்குத் திரும்பினர். ஒரே ஆலையில் உழைத்தோர் சாதியால் பிளவுண்டனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் பலியாயின. ஒரே சந்நிதியில் கைகூப்புவோர் ஒருவரையொருவர் அயலாராகக் கருதினால் விளையும் கேட்டிற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கடல் கடந்த ஊர்களின் கதையும் இத்தகையதே. அமெரிக்காவின் எஃகு நகரமான பிட்ஸ்பர்க்கிற்குப் பிழைக்க வந்த போலந்து, இத்தாலி நாட்டவர் தத்தம் தேவாலயங்களை எழுப்பினர். 1970-களில் அங்கு வாழ்ந்த நம்மவர் வேங்கடேசப் பெருமானுக்கு ஆலயம் எழுப்பினர். நம் பிள்ளைகள் அந்நாட்டில் அன்போடு ஏற்கப்பட வேண்டும் என்று நாள்தோறும் வேண்டுகிறோம் அல்லவா?

பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டது. வந்தோர் வருகை மட்டும் நிற்கவில்லை. வடசென்னையில் வங்கிப் பணியாற்றிய காலத்தில், கணக்குத் தொடங்க வருவோரிடம் நிரந்தர முகவரி கேட்டால் பெரும்பாலோர் சொந்தக் கிராமத்தின் பெயரையே சொல்வர். இன்று எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிற்கூடங்களில் பீகார், ஒடிசா இளைஞர்கள் அவ்வாறே தொலைவிலுள்ள ஊர்களின் பெயரைச் சொல்கின்றனர்.

திருநாவலூரில் தோன்றிய சுந்தரரும் திருவொற்றியூருக்கு வெளியூரிலிருந்து வந்தவரே. அவருக்கு அவ்வூர் சங்கிலியாரை மணமுடித்துத் தந்து உறவு கொண்டாடியது. அடுத்த முறை அத்தலம் செல்கையில், வரிசையில் மொழி தெரியாது தயங்கி நிற்கும் இளைஞனுக்குச் சந்நிதிக்கு வழிகாட்டுங்கள். அதுவும் தியாகேசனுக்கு உகந்த தொண்டே.