பன்னிரண்டாவது ஆள்

2011 மார்ச் 20. சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளோடு உலகக் கோப்பை ஆட்டம். யுவராஜ் சிங் இருமினார், மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். ஆனாலும் 113 ரன் அடித்தார். பார்த்தவர்களுக்குச் சென்னை வெயிலின் வேலை என்றுதான் தோன்றியது. அந்தத் தொடரில் 362 ரன், 15 விக்கெட், தொடர் நாயகன் விருது. பிறகுதான் தெரிந்தது, இரண்டு நுரையீரலுக்கும் நடுவே புற்றுநோய்க் கட்டி. 2012 தொடக்கத்தில் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரில் கீமோதெரபி. அங்கேயே போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார் அனில் கும்ப்ளே.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவன் எங்கள் டீம் கீப்பர். ஆவடியில் ஞாயிறுதோறும் டென்னிஸ் பால் மேட்ச் ஆடும் சாதாரண டீம் எங்களுடையது. போன வருடம் அவனுக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். நான் ஒரு மாதம் அவனைப் பார்க்கவே போகவில்லை. பாசம் இல்லாமல் இல்லை. மொட்டைத் தலையோடு அவனைப் பார்த்தால் என்ன பேசுவது என்ற பயம். பரீட்சை, ட்ரெயின் லேட் என்று தினம் ஒரு சாக்கு.

கடைசியில் அவனே போன் செய்தான். "கும்ப்ளே அமெரிக்கா வரைக்கும் போனாரு மச்சி. உனக்கு ஆவடியிலேர்ந்து அடையாறு வர முடியலையாடா?"

மறுநாளே போனேன். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஆறுதல் எதுவும் தேவைப்படவில்லை. "எனக்குப் பதிலா யாருடா கீப்பிங்? எத்தனை பை விட்டான்?" இதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

கிளம்பும்போது அவன் அம்மா தயங்கித் தயங்கி, "பிளேட்லெட் வேணுமாம்பா" என்றார். தானமாகப் பெறும் தட்டணுக்களை 5 நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாதாம். அதனால் கொடுப்பதற்குப் புதிது புதிதாக ஆட்கள் வேண்டும். பேட்டிங் ஆர்டர் போடுவதுபோல ஒரு பட்டியல் போட்டோம். 18 வயது ஆகாத இருவரைத் தவிர எல்லோர் பெயரும் அதில் இருந்தது.

2012 செப்டம்பர் 11 அன்று யுவராஜ் திரும்பி வந்து ஆடியதும் அதே சேப்பாக்கத்தில்தான். 26 பந்தில் 34 ரன். நியூசிலாந்திடம் இந்தியா ஒரே ரன்னில் தோற்றது. ஆனால் அன்றைக்கு ஜெயித்தது யார் என்று அரங்கத்துக்கே தெரியும்.

எங்கள் கீப்பர் இன்னும் கிளவுஸ் போடவில்லை. சிகிச்சை முடியவில்லை. உடம்பு ஒத்துழைக்கும் ஞாயிறுகளில் மாஸ்க் போட்டுக்கொண்டு மரத்தடியில் ஸ்கோர் எழுதுகிறான். தண்ணீர் பாட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது நான். பன்னிரண்டாவது ஆளின் வேலை அதுதானே!