முதுகுளத்தூர் முள்ளும் உன் புது வண்டியும்

அன்பு மகள் பூங்கொடிக்கு,

சித்தி எழுதுவது. வண்டி எடுத்துவிட்டாய் என்று நேற்று அக்கா போன் பண்ணிச் சொன்னாள். பாதி சந்தோஷம், பாதி புலம்பல். “கரண்டு வண்டியாம்டி, பிள்ளை ஆளில்லாத ரோட்டில் நின்றுபோனால் யார் இருக்கா அங்கே” என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள். உங்கள் அப்பா பக்கத்தில் இருந்து, “பேட்டரி வெடிச்சிருமாம்ல” என்று எடுத்துக் கொடுக்கிறார். நானும் ஒரு கரண்டு வண்டியை வைத்துக்கொண்டுதான் மேலூர்ப் பக்கம் ஊர் ஊராகத் தடுப்பூசி போட அலைகிறேன் என்பது அவர்களுக்கு மறந்தே போச்சு.

உனக்குப் போனில் சொன்னால் “சரி சித்தி, சரி சித்தி” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

இந்த வண்டியில் இன்ஜின் ஆயில் கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது, கார்புரேட்டர் கிடையாது, கிளட்ச் கேபிள் அறுந்துபோகும் என்ற கவலை கிடையாது. அதைப் பார்த்துவிட்டு, ‘ஒன்றுமே பார்க்க வேண்டாத வண்டி’ என்று பல பேர் நினைத்துக்கொள்கிறார்கள். மிச்சம் இருப்பது இரண்டு: தரையைத் தொடுகிற டயர், சுவரைத் தொடுகிற பிளக். இந்த இரண்டையும் நீயே பார்த்துக்கொண்டால் உன்னை யாரும், எதுவும் வழியில் நிறுத்த முடியாது. ஊரே பேட்டரியைப் பற்றிப் பயப்படுகிறது; என் அனுபவத்தில் ஆளை ரோட்டில் உட்கார வைப்பது முள்ளும் ஆணியும்தான்.

அதிலும் நீ போயிருக்கிற சீமை எது? ராமநாதபுரம். முதுகுளத்தூரிலிருந்து உன் பள்ளிக்கூடம் வரை இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் என்று நீயே சொன்னாய். கரிமூட்டத்துக்கு வெட்டிக்கொண்டு போகிற டிராக்டரிலிருந்து கொப்பு உதிராமல் இருக்காது. அந்த முள் காய்ந்துவிட்டால் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும், டயர் எம்மாத்திரம். அதனால் லாரிக்கு வழிவிடுகிறேன் என்று மண்ணில் இறங்காதே. தார் ரோட்டிலேயே வேகத்தைக் குறைத்து ஓரமாகப் போ. இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஏறியதும் நிறுத்தி இரண்டு டயரையும் ஒரு பார்வை பார்.

உன் வண்டியில் இருப்பது டியூப்லெஸ் டயர். முள் குத்தினால் டியூப் டயர் மாதிரி ‘புஸ்’ என்று உட்காராது. குத்தின முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும், காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நல்லதுதான். ஆனால் உனக்குத் தெரியாமலேயே காற்று குறைந்துகொண்டு வரும். சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது, பேட்டரி போச்சு என்று சர்வீஸ்காரரிடம் ஓடுகிறவர்களில் பல பேருக்குக் காரணம் காற்று குறைந்த டயர்தான். டயர் அமுங்கினால் உருளுவதற்கு அதிக பலம் வேண்டும், அந்தப் பலம் பேட்டரியிலிருந்துதானே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பார். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் சூட்டில் கூடுதலாகக் காட்டும். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பார்கள்; பங்க்கில் இருக்கிற பையன் குத்துமதிப்பாக அடிக்க விட்டுவிடாதே, அளவைச் சொல்லி அடிக்கச் சொல். தாத்தா ஞாயிறுதோறும் சைக்கிளைத் திண்ணையில் சாய்த்து வைத்துக் காற்றடிப்பார், நீ பம்பை மிதிக்கிறேன் என்று அழுவாயே, அதே வேலைதான்.

இனி பஞ்சருக்கு வருகிறேன். போன வருஷம் மழைக்கு முன்னால், கொட்டாம்பட்டி போகிற வழியில் பின் டயரில் ஆணி ஏறிவிட்டது. நல்லவேளை, கண்ணுக்கு எட்டின தூரத்தில் பழைய டயர் தொங்கவிட்ட கடை. கடையில் ஒரு பெரியவர், வெள்ளைத் தொப்பி, ரொம்ப நல்ல மனுஷர். வண்டியைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். “கரண்டு வண்டிம்மா, வீலைக் கழட்டினா ஷாக் அடிக்கும், கம்பெனிக்குக் கொண்டுபோங்க” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பின் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கிற வண்டியில், அச்சுக்கு நடுவே ஓட்டை போட்டு அதன் வழியாகத்தான் வயர் வெளியே வருகிறது. தெரியாமல் நட்டைக் கழற்றிச் சக்கரத்தை இழுத்தால் வயர் அறுந்துவிடும். மாட்டும்போது வாஷரை மாற்றிப் போட்டாலோ நட்டைச் சரியாக முறுக்காவிட்டாலோ, அச்சே சுழன்று வயரைத் திருகிப் பிய்த்துவிடும். ஆயிரக்கணக்கில் செலவு இழுத்துவிடும் வேலை.

நான் சொன்னேன், “வீலைத் தொடவே வேண்டாம் பாய், டியூப்லெஸ்தான், வெளியிலிருந்தே ஓட்டைக்குள்ள ரப்பர் திரி ஏத்துங்க.” சாவியை அணைத்து என் பையில் போட்டுக்கொண்டு, சென்டர் ஸ்டாண்ட் போட்டேன். இதைக் கவனமாகக் கேள்: சக்கரத்தில் எவர் கை வைப்பதற்கும் முன்னால் வண்டி அணைந்திருக்க வேண்டும். பெட்ரோல் வண்டி ஓடிக்கொண்டிருந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். இது சத்தமில்லாமல் நிற்கும். யாராவது ஆக்சிலேட்டரைத் தெரியாமல் திருகினால் சக்கரம் விரலை வாங்கிவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் வண்டி நிறுத்தப் போகிறாய், சாவி எப்போதும் உன்னிடம் இருக்கட்டும்.

கடைக்காரப் பெரியவர் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அன்றைக்கே ஒரு பஞ்சர் கிட் வாங்கி, வீட்டில் கிடந்த பழைய டயரில் குத்திப் பழகினேன். நீயும் பழகு, கடினமே இல்லை. முதலில் முள்ளோ ஆணியோ எங்கே என்று கண்டுபிடி. தெரியாவிட்டால் சோப்புத் தண்ணீர் ஊற்று, குமிழி வரும் இடம் அதுதான். சாக்பீஸால் வட்டம் போடு, வாத்தியாரம்மாவிடம் அதற்கா பஞ்சம். எல்லாவற்றையும் கையில் தயாராக எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் பிடுங்கு, முன்னாடியே பிடுங்கிவிட்டால் காற்று மொத்தமும் போய்விடும். குத்தின வாட்டத்திலேயே குறடு வைத்து இழு. கருவேல முள் பாதியில் ஒடிந்து உள்ளேயே நின்றுவிடும், முனை வந்ததா என்று பார். பிறகு சுரசுரப்பாக இருக்கும் ஊசியை ஓட்டைக்குள் விட்டு நாலைந்து தடவை உள்ளும் புறமும் தேய்க்க வேண்டும். இங்கேதான் பயமாக இருக்கும், இருக்கிற ஓட்டையைப் பெரிதாக்குகிறோமே என்று. தேய்த்தால்தான் திரி பிடிக்கும். அடுத்து, காது உள்ள ஊசியில் கிட்டில் இருக்கிற பழுப்புத் திரியை, சடைக்கு ரிப்பன் கோர்ப்பது போல இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும்படி கோர்த்து, சொல்யூஷன் தடவி, உடம்பு பாரத்தைக் கொடுத்து உள்ளே அழுத்து. வெளியே இரண்டு பக்கமும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்தி, ஊசியை மட்டும் சடாரென்று உருவு. திரி உள்ளே மடிந்து தங்கிவிடும். மிச்ச வாலை நறுக்கு, காற்றடி, எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா பார். முடிந்தது.

இரண்டே இரண்டு இடத்தில் இதைச் செய்யாதே. டயரின் பக்கவாட்டில் குத்தியிருந்தாலோ கிழிந்திருந்தாலோ திரி நிற்காது, வேகத்தில் விட்டுவிடும். டயரைத்தான் மாற்ற வேண்டும். டயர் ரிம்மை விட்டு நழுவியிருந்தால் கைப்பம்பு, சின்ன பேட்டரி பம்பு எதற்கும் மசியாது, கம்ப்ரஸர் உள்ள கடைக்குத்தான் போக வேண்டும். எந்த நிலையிலும் காற்றில்லாத டயரில் ஏறி ஓட்டிக்கொண்டு போகாதே. டயர் அறுபடுவது ஒரு பக்கம். சக்கரத்துக்குள் மோட்டார் இருக்கிற வண்டியில் ரிம்மும் மோட்டாரும் ஒன்றாகவே வரும், ரிம் நெளிந்தால் சும்மா விடாது. பள்ளிக்கூடத்துக்கு லேட்டானால் ஆகட்டும், தள்ளிக்கொண்டு போ. டயருக்குள் ஊற்றுகிற பசைத் திரவம் ஒன்று விற்கிறார்கள், நான் ஊற்றவில்லை. உள்ளே எல்லாம் சளசளவென்று ஆகி, அப்புறம் பஞ்சர் ஒட்டுகிறவர் திட்டுவார்.

டயரைச் சொல்லிவிட்டேன். பிளக்கைச் சொல்லும்போதுதான் எனக்குக் கை நடுங்குகிறது. 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கின வீட்டில் வண்டி தீப்பிடித்து, புகையில் மூச்சுமுட்டி அப்பாவும் மகளும் போய்விட்டார்கள். அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. அந்த வருஷம் இன்னும் சில இடத்தில் நடந்ததும், மத்திய அரசு பேட்டரிச் சோதனை விதியை இறுக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலுமாக இரண்டு கட்டமாக அமலுக்குக் கொண்டுவந்தது. உன் வண்டி அதற்கெல்லாம் பிறகு வந்தது, அந்த அளவில் எனக்கு நிம்மதி. இருந்தாலும் உன் அறைக்கு ஒரே வாசல் என்று அக்கா சொன்னாள். அந்த வாசலை மறித்து வண்டியை நிறுத்தி சார்ஜ் போடவே கூடாது. எதுவும் நடந்தால் நீ வெளியே வர வழி வேண்டும். வீட்டுக்காரரிடம் பேசி வெளிச் சுவரில், கூரைக்குக் கீழே, எர்த் உள்ள 15 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று தனி வயரில் போடச் சொல். காசு நான் தருகிறேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். சார்ஜ் போட்டு அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பார். வெதுவெதுப்பு பரவாயில்லை, சுட்டால் உடனே சுவிட்சை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. தூங்கப் போகும்போது போடாதே. சாயங்காலம் வந்ததும் போடாதே. வெயிலில் ஓடின பேட்டரி கொதித்துக்கொண்டிருக்கும், நோட்டுத் திருத்தி, சமைத்து முடிக்கிற வரை ஆறட்டும், பிறகு விழித்திருக்கும்போதே போட்டு எடு. புகையோ, பொசுங்குகிற வாடையோ வந்தால் வண்டியைக் காப்பாற்ற நிற்காதே. வெளியே ஓடு, அக்கம்பக்கத்துக்குச் சத்தம் கொடு, 101-க்குப் போன் பண்ணு.

உன் பேட்டரி எந்த வகை என்று புத்தகத்தில் பார். என்.எம்.சி. என்றால் தினமும் 100 வரை நிரப்பாமல் எண்பதோடு எடுத்துவிட்டால் ஆயுசு கூடும், எல்.எஃப்.பி. என்றால் அவ்வப்போது முழுசாக நிரப்பினால்தான் மீதி எவ்வளவு என்று சரியாகக் காட்டும். இரண்டுக்குமே சுழியத்துக்கு இறக்குவது ஆகாது. கோடை விடுமுறைக்கு மதுரை வரும்போது பாதிச் சார்ஜில் நிழலில் விட்டுவிட்டு வா. முழுச் சார்ஜோடு கிளம்புகிற காலையில் ஒன்று கவனி: ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டி தானாக இழுத்துப் பிடிக்குமே, அது அன்றைக்குக் கொஞ்சம் மந்தமாக இருக்கும். நிரம்பின பேட்டரியில் திரும்பி வருகிற மின்சாரத்துக்கு இடமில்லை. பிரேக்கைப் பிடித்தே நிறுத்து.

ஐப்பசி மழையில் ஓட்டலாம், பயமில்லை. கண்மாய் உடைந்து ரோட்டில் ஓடுகிற தண்ணீரில் இறக்காதே. வாட்டர் சர்வீஸ்காரரிடம் விட்டு பீய்ச்சி அடிக்க விடாதே, ஈரத்துணி போதும்.

உன் தம்பி வருகிற லீவுக்கு அங்கே வரப் போகிறானாம். “கரண்டு வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம் சித்தி” என்று என்னிடமே சட்டம் பேசுகிறான். அது 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடுகிற சின்ன வண்டிக்கு. உன்னுடையதில் பச்சை நம்பர் பிளேட் தொங்குகிறது. சாவியைக் கொடுத்தாய் என்று கேள்விப்பட்டால் உன்னோடு பேசமாட்டேன்.

சர்வீஸ் விஷயத்தில் ஒன்று. என் வண்டியை ஒரு இடத்தில் விட்டபோது, பார்ட்ஸ் வரவில்லை என்று நாளைக் கடத்திக்கொண்டே போனார்கள். நான் பஸ்ஸில் தடுப்பூசிப் பெட்டியோடு அல்லாடினேன். விடும்போதே என்ன குறை, எப்போது தருவார்கள் என்று தாளில் எழுதி வாங்கிக்கொள். பெண்பிள்ளைதானே என்று வாயால் சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள்.

போச்சம்பள்ளி ஃபாக்டரியில் இந்த மாதிரி வண்டிகளைப் பெண்பிள்ளைகளேதான் பூட்டுகிறார்கள் என்று 2021-ல் படித்தபோது உன்னைத்தான் நினைத்தேன். குரங்குப் பெடலில் நீ அழகர்கோவில் ரோட்டில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, அழாமல் செயினை நீயே மாட்டின பிள்ளை. இந்தச் சம்பளத்தில், யாரையும் கேட்காமல் வண்டி எடுத்தாயே, எனக்கு ரொம்பப் பெருமை தங்கம். அக்காவிடமும் அதைச் சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை உன் சித்தப்பா பரமக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறார். பஞ்சர் கிட், காற்று பார்க்கிற மீட்டர், சார்ஜ் போட்டு வைத்துக்கொள்கிற சின்ன பம்பு, குறடு, ஒரு டார்ச், ஒரு ஜோடி கையுறை எல்லாம் ஒரு பையில் கட்டிக் கொடுத்து அனுப்புகிறேன். அதில் பழைய டயர்த் துண்டு ஒன்றும் இருக்கும், பழகுவதற்கு. சீட்டுக்கு அடியில் வை, அலமாரியில் பூட்டிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அந்தத் துண்டில் ஒரு திரி ஏற்றிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
உன் சித்தி