மாத்தளை வழியிலே

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவில், மாத்தளையில் இறங்கி அவ்வூரைப் பார்ப்பவர் மிகச் சிலரே. கண்டிக்கு இன்னும் பதினாறு மைல்தானே என்ற எண்ணத்தில், பஸ் வண்டியின் சாளரத்து வழியே முத்துமாரியம்மன் கோபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே சென்றுவிடுவது நம்மவர் வழக்கம். இருபது ஆண்டுகளாக நானும் அவ்வாறே செய்துவந்தேன். சென்ற ஆவணி விடுமுறையில் என்னை அங்கே இறங்க வைத்தவன் என் மாணாக்கன் ஒருவன்.

இந்துக் கல்லூரி ஒன்றில் உயர்தர வகுப்புக்கு அரசியல் கற்பிப்பது என் தொழில். அன்று பாடம் அமெரிக்க ஐக்கிய நாடு. பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி செலுத்தோம் என்று குடியேற்ற நாட்டவர் மறுத்ததையும், 1773ஆம் ஆண்டில் பொஸ்ரன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகள் கடலில் வீசப்பட்டதையும், 1776ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனத்தையும் கூறி, வாக்குரிமையின் வரலாற்றுக்கு வந்தேன். அப்பொழுது பின்வரிசையிலிருந்த அவன் எழுந்து, "சேர், வரியையும் வாக்கையும் படிக்க அமெரிக்காவுக்குத்தான் போகவேண்டுமா? எங்கள் தாத்தாவுக்கு ஐம்பது வயது வரையில் வாக்கே இல்லையே" என்றான். அவனுடைய குடும்பம், 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலைநாட்டை விட்டு வன்னியிற் குடியேறிய பல குடும்பங்களுள் ஒன்று. தாத்தாவின் தமையனார் இன்றும் மாத்தளைப் பகுதித் தோட்டமொன்றிலேயே இருக்கிறார். வகுப்பில் நான் ஏதோ மறுமொழி கூறினேன். அது எனக்கே திருப்தி தரவில்லை. ஆகவே அவனையும் வேறு மூவரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

தம்புள்ளையைத் தாண்டியதும் தெருவின் இயல்பே மாறிவிடுகிறது. வறண்ட காடு பின்தங்க, குன்றுகள் நெருங்கி வருகின்றன. நாலந்தாவில் பல்லவர் பாணியை நினைவூட்டும் கற்கோயில் ஒன்று உண்டு. அதனைத் தனியே எழுதவேண்டும். நான் பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டியது தெருவையேதான். கோப்பிப் பயிருக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே நடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்தனர். வழியிலே காலராவுக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் பல்லாயிரவர். உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் முதலில் நிமிர்ந்து பார்த்த மலைநாட்டு நகரம் இதுவே. அம்மன் கோயில் இங்கே எழுந்ததன் காரணத்தை வேறெங்கும் தேடவேண்டியதில்லை. 1983ஆம் ஆண்டில் அக்கோயிலும் தேர்களும் தீக்கு இரையானதையும், பின்னர் கோயில் மீண்டும் பொலிவுற்றதையும் ஊரவர் எவரும் சொல்வர். மாசி மகத்தில் ஐந்து தேர்கள் இத்தெருவிலே உருள்கின்றன.

கோயிலைத் தரிசித்தபின் 1848ஆம் ஆண்டைத் தேடினோம். அதைத் தேட நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. மக்டோவல் கோட்டை என்று பெயர் பெற்ற பிரித்தானியர் கோட்டையின் வாயில் இன்றும் நிற்கிறது; உள்ளே மயானம். கலகத்தின் வீரர்களுக்கு நகரிலே நினைவுச் சின்னமும் உண்டு.

கதை இதுதான். கோப்பி விலை வீழ்ந்து திறைசேரி வறண்டபோது, தேசாதிபதி டொரிங்டன் பிரபு 1848ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் புதிய வரிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி, வண்டிக்கு வரி, நாய்க்கும் வரி! இவற்றோடு, வளர்ந்த ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் தெரு வேலை செய்யவேண்டும், அன்றேல் மூன்று சிலிங் கட்டவேண்டும் என்று ஒரு சட்டம். வரி விதித்த சட்டநிரூபண சபையிலே கிராமத்தவனின் குரல் இல்லை. அதற்கு முன்னரே, 1840ஆம் ஆண்டுச் சட்டத்தினால் காடும் சேனை நிலமும் முடிக்குரியவையாகிக் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டிருந்தன. நாய் வரியைக் கேட்டு நம் பிள்ளைகள் சிரித்தார்கள். காட்டோரத்தில் வாழ்பவனுக்கு நாய் காவற்காரன் என்று சொன்னதும் சிரிப்பு அடங்கியது.

ஆடி 26ஆந் திகதி தம்புள்ளையிலே கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். புரன் அப்பு அவருடைய படைத் துணைவர். இரண்டு நாளில் கூட்டம் மாத்தளைக்குள் புகுந்து அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கியது. உடனே இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. புரன் அப்பு ஆவணி 8ஆந் திகதி கண்டியிற் சுடப்பட்டார். குடாபொல என்னும் பிக்கு துவராடையுடனேயே சுட்டுக் கொல்லப்பட்டார். புரட்டாதி மாதத்தில் எல்கடுவையிற் பிடிபட்ட பண்டாவுக்கு முதலில் மரண தண்டனை. பின்னர் அது கசையடியாகவும் நாடுகடத்தலாகவும் குறைக்கப்பட, அவர் மலாக்காவிலே 1849ஆம் ஆண்டில் இறந்தார். இவ்வடக்குமுறை பிரித்தானியப் பாராளுமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. தேசாதிபதி பதவியிழந்து திரும்ப நேரிட்டது.

பொஸ்ரன் வெற்றியடைந்தது, மாத்தளை தோல்வியுற்றது. அவ்வளவே வேறுபாடு என்று எழுதிவிடலாம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பொஸ்ரன் வணிகர்களுக்குச் சொந்தச் சட்டசபையும் பழக்கமும் இருந்தன. மாத்தளைக் குடியானவன் தேடியது பழைய அரசனை. ஆயினும் இருவரும் கேட்ட கேள்வி ஒன்றே: என்னைக் கேளாமல் என் மடியில் கைவைக்க நீ யார்?

இனி என் மாணாக்கனின் கேள்விக்கு வருவோம். மறுநாட் காலை எல்கடுவைப் பக்கம் ஏறினோம். பண்டா பிடிபட்ட அதே மலைச்சாரலிலே, லயத்து அறையொன்றில், அவனுடைய பெரிய தாத்தா எங்களை எதிர்கொண்டார். எண்பது வயதைக் கடந்தவர். "வாங்க ஐயா, உட்காருங்க" என்று பாயை விரித்துவிட்டு, பேரனின் தலையை நெடுநேரம் தடவினார்.

தேநீர் அருந்தியபின் தகரப் பெட்டி ஒன்றைத் திறந்தார். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் சிறுவன். "எங்கப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு ஓட்டுப் போடப் போனாரு ஐயா. நானும் கூடப் போனேன். அதுதான் அவரு கடைசியாப் போட்டது" என்றார்.

நாடு சுதந்திரம் பெற்றது 1948ஆம் ஆண்டு மாசி 4ஆந் திகதி. அதே ஆண்டிலேயே நிறைவேறிய 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டில் வாக்கும் போயிற்று. அவ்வாண்டின் மற்றொரு சட்டப்படி, இடையறாது வசித்தமைக்குச் சான்று காட்டி விண்ணப்பிக்கலாம் என்றார்கள். துண்டும் கையுமாக நடந்து வந்த பாட்டனுக்குச் சான்று ஏது? பெட்டியிலிருந்த முதலாவது கடிதம், அவருடைய தந்தையாரின் விண்ணப்பத்தை நிராகரித்தது. நான்காய் மடித்த இடம் கிழிந்து, ஒட்டப்பட்டிருந்தது.

வகுப்பிலே நான் சொல்லாமல் விட்டது இதுவே. 1857ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றம், ட்ரெட் ஸ்கொட் வழக்கில், கறுப்பின மக்கள் அந்நாட்டுப் பிரஜைகளாக முடியாது என்று தீர்த்தது. உள்நாட்டுப் போரின் பின், 1868ஆம் ஆண்டில், அங்கு பிறந்தவர் பிரஜையே என்று பதினான்காவது திருத்தம் கூறிற்று. வாக்குரிமையை 1870ஆம் ஆண்டில் ஏட்டில் எழுதினார்கள். எழுத்தறிவுச் சோதனை முதலிய தந்திரங்களால் தென் மாநிலங்கள் அதை மறுத்துவந்தன. 1965ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்நிலை நீடித்தது. இங்கே எழுத்தறிவுக்குப் பதில் பத்திரம் கேட்டார்கள். 1964ஆம் ஆண்டில் இரு பிரதமர்கள் 9,75,000 பேரைப் பங்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்கெழுதினர். மிஞ்சிய 1,50,000 பேரின் பங்கு 1974ஆம் ஆண்டிலேதான் முடிந்தது. பங்கிடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

பெட்டியின் அடியில் இருந்தது ஒரு வாக்காளர் அட்டை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் பெரியவருக்குக் கிடைத்த முதல் அட்டை அது. 1989ஆம் ஆண்டு மாசித் தேர்தல். தென்னிலங்கையும் மாத்தளையும் கொலைகளால் நடுங்கிய காலம். வாக்களிப்பவன் உயிர் தப்பான் என்று கிளர்ச்சிக்காரர் மிரட்டியிருந்தனர்.

"பயமாக இல்லையா, பெரியவரே?" என்று கேட்டேன்.

"பயந்தான் ஐயா. வீட்டுல அழுதா. நாற்பது வருஷம் காத்திருந்தவன் ஒரு நோட்டீசுக்குப் பயந்து வீட்டுல இருக்கவா? வெள்ளை வேட்டியைக் கட்டிக்கிட்டுப் போயிட்டேன்."

எஞ்சிய நாடற்றவர்களுக்கான சட்டம் வந்தது 2003ஆம் ஆண்டில்.

விடைபெறும்போது பெரியவர் பேரனைப் பார்த்து, "உனக்கு எத்தனை வயசு ராசா?" என்றார். வரும் தையிலே பதினெட்டு என்றான்.

"கிராம சேவகர் படிவம் கொண்டாந்தா வீட்டுல இரு. பேரைச் சரியா எழுதியிருக்கானான்னு நீயே பார்த்துக்க" என்று சொல்லி, அட்டையைத் துணியிற் சுற்றிப் பெட்டியிலே வைத்தார்.