புத்தகம் முடியும் இடம்
(இரண்டாமாண்டு பி.எஸ்சி., கணிதம்)

சோமனூரில் எங்கள் வீட்டின் முன்பகுதி விசைத்தறிக்கு, பின்பகுதி எங்களுக்கு. தறிச் சத்தத்தை மீறி உரக்கப் படித்து மனப்பாடம் செய்தே தேறி வந்தவன் நான். சதுரங்கத்தையும் அப்படித்தான் கற்றேன். சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கு 12 தொடக்க நகர்வுகளை உருப்போட்டுச் சென்றேன். எதிரே இருந்தவர் ஆறாவது நகர்விலேயே வழி மாறினார். அதன்பின் எனக்குக் கை ஓடவில்லை, தோற்றேன்.

சதுரங்கம் ஆடும் கணினிக்கும் தொடக்கப் புத்தகம் உண்டு. 1997 மே 11 அன்று நியூயார்க்கில் காஸ்பரோவுக்கு எதிராக ‘டீப் புளூ’ எட்டாவது நகர்வில் குதிரையைப் பலி கொடுத்தது. அது கணக்கிட்டுக் கண்ட நகர்வன்று. கிராண்ட்மாஸ்டர்கள் தொகுத்த, சுமார் 4000 நிலைகள் கொண்ட புத்தகத்தில் இருந்தது. ஆனால் புத்தகம் முடிந்தபின் தானே கணக்கிட்டு ஆடித்தான் அது 19 நகர்வுகளில் வென்றது. என்னிடம் இல்லாதது அந்தப் பிற்பகுதியே!

மனிதனுக்கு மறதி உண்டு. 2010இல் சோபியாவில் நம் ஆனந்த், தயாரித்து வந்த நகர்வுகளின் வரிசை குழம்பி, டோபலோவிடம் முதல் ஆட்டத்தை இழந்தார். மறுநாளே வென்றார், பட்டத்தையும் காத்துக்கொண்டார். கணினி மறக்காது. ஆனால் புத்தகத்தில் பிழை இருந்தால் அதையும் மறக்காமல் ஆடிவிடும். ஆகவே புத்தகம் சொல்லும் நகர்வைக் கணினி தன் கணக்கால் ஒருமுறை சரிபார்த்த பிறகே ஆட வேண்டும் என்பது என் கருத்து.

அப்படியானால் புத்தகமே வேண்டாமா? 2017இல் ‘ஆல்பாஜீரோ’ விதிகளை மட்டும் அறிந்து, தன்னோடு தானே ஆடிக் கற்றது. பல இலட்சம் ஆட்டங்கள் ஆடித் தோற்றுப் பழக அதற்கு வசதி இருந்தது. நமக்கு அந்த வசதி ஏது? முன்னோர் தந்த புத்தகம் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. அதைப் புரிந்துகொண்டு பயன்படுத்துவதே முறை.

முதல் பருவத்தில் ஒரு தாளில் தவறினேன். கையேட்டில் இருந்த கணக்கைச் சற்றே மாற்றிக் கேட்டிருந்தார்கள். வீட்டில் சொன்னபோது அப்பா தறியை நிறுத்தினார்.

“பாவும் ஊடையும் குடுக்கறவிய குடுப்பாங்க கண்ணு. இழை அறுந்தா நாமதான் பாத்துக் கட்டோணும்” என்றார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். இந்த ஆட்டத்தை எனக்கு முன்னே ஆடிக் காட்டியவர் எவருமில்லை. வரும் தேர்வில் அந்தத் தாளை மீண்டும் எழுதுகிறேன். இம்முறை கையேட்டை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு கணக்கையும் நானே போட்டுப் பார்க்கிறேன்.